வாங்காத மூன்று புள்ளி

கல்யாணம் ஆன நாளிலிருந்து கால்பந்து எனக்குச் சக்களத்தி. ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் வீட்டுக்காரர் மைதானத்தில்தான் இருப்பார். எனக்கு மிச்சம், சேறு காய்ந்த சாக்ஸும் வீங்கிய முழங்காலும்தான். கோல் போட்டால் ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்களே, அதே ஆளை என்னோடு சந்தைக்கு வரச் சொன்னால் கால் வலிக்கிறது என்பார். ஆஃப்சைடு என்றால் என்னவென்று அவர் நூறு முறை சொல்லியிருப்பார். நானும் நூறு முறை தலையாட்டியிருப்பேன்.

அப்படிப்பட்ட நான், ஊரடங்கு போட்ட அந்த மாதங்களில் மாவட்ட லீக்கின் புள்ளிப் பட்டியலை மனப்பாடமாக வைத்திருந்தேன். அடுப்பில் கஞ்சி கொதிக்கும், என் வாய் புள்ளிகளைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் அடுத்த மாதம் உலை வைப்போமா என்பது அந்தப் பட்டியலில்தான் இருந்தது.

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரர் ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் இருந்தார். அவரை வேலைக்கு எடுத்தது கைக்காக இல்லை, காலுக்காக. அந்த முதலாளிக்குப் பந்துப் பைத்தியம். தன் கம்பெனி பெயர் முதல் டிவிஷனில் இருக்கவேண்டும் என்று ஒரு டீமே வைத்திருந்தார். டீம் ஆட்கள் பகலில் ஷூவை அச்சில் மாட்டி இழுக்கிற செக்ஷனில் நிற்பார்கள், சாயங்காலம் பயிற்சிக்குப் போவார்கள். என் வீட்டுக்காரர்தான் கேப்டன். நான் வேறொரு கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்துக்கொண்டிருந்தேன். ஊரடங்கு வந்ததும் வெளிநாட்டு ஆர்டர் எல்லாம் நின்றுபோனது. என் லைனில் இருந்த பெண்கள் எல்லோரையும் திரும்ப வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் மிஞ்சியது அவர் வேலை ஒன்றுதான்.

அவருடைய மேனேஜர் ஒருநாள் போன் செய்தார். நல்ல மனிதர், சுற்றி வளைக்காமல் சொன்னார். "பாதிப் பேர வேலய வுட்டு எடுக்கச் சொல்லிட்டாங்கபா. டீமு ஃபர்ஸ்ட் டிவிஷன்ல இருந்திச்சின்னா மொதலாளிகிட்ட பேசி உங்கள வெச்சிக்கறேன். எறங்கிட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

டீம் கடைசி இடத்தில் இருந்தது. எட்டு டீம்கள் இருந்த டிவிஷனில் கடைசியில் நிற்பவர்கள் இரண்டாவது டிவிஷனுக்கு இறங்கவேண்டும். எங்களுக்கு ஆறு ஆட்டத்தில் ஏழு புள்ளி. எங்களுக்கு மேலே இருந்தவர்களுக்கு ஏழு ஆட்டத்தில் எட்டு. எங்களுக்கு இன்னும் ஓர் ஆட்டம் பாக்கி இருந்தது. அதை ஆடுவதற்குள் ஊரே பூட்டிக்கொண்டது.

சீசனை எப்படி முடிப்பது என்று லீக் கமிட்டி போனிலேயே கூட்டம் போட்டது. எங்கள் ஒற்றை அறையில் ஜன்னல் ஓரம்தான் சிக்னல் கிடைக்கும். அரிசி டின் மேல் போனை வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் பூண்டு உரிக்கிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் ஒருவர், சீசனையே ரத்து செய்துவிடலாம், யாரும் ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம் என்றார். அவர் வாயில் சர்க்கரை போடவேண்டும் போலிருந்தது எனக்கு. உடனே குடியாத்தம் பக்கத்து டீமின் ஆள் எகிறினார். இரண்டாவது டிவிஷனில் எல்லா ஆட்டமும் ஜெயித்து முடித்தவர்கள் அவர்கள். "தறி ஓட்டிட்டு வந்து ஆடி ஜெயிச்சிக்கிறோம் சார். நோவு வந்திச்சின்னா அதுக்கு நாங்க இன்னா பண்ணுவோம்? எங்கள ஏத்தியே ஆவணும்." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். ஒன்பது டீம் வைத்து நடத்த எங்களால் ஆகாது, ஒருவர் ஏறினால் ஒருவர் இறங்கித்தான் ஆகவேண்டும் என்று தலைவர் முடித்துவிட்டார்.

அப்போது என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசினார். "சார், நாங்க ஒரு மேட்ச் கம்மி. எல்லாரும் ஆடின மேட்ச்ச வெச்சி பாயிண்ட்ட வகுத்துப் பாருங்க. ஒரு மேட்ச்சுக்கு எவ்ளோன்னு பாத்தா நாங்க மேல வர்றோம்." அந்தக் கணக்கை நான்தான் முந்தின நாள் போட்டுக் கொடுத்திருந்தேன். மயிரிழைதான் வித்தியாசம், ஆனாலும் நாங்கள்தான் மேலே. போனில் யாரோ சிரித்தார். "இன்னாபா, பாயிண்ட்ட கறி மாதிரி துண்டு போட்டு எடை போடச் சொல்ற?" என்றார். எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். வாக்கெடுப்பில் அது தோற்றது. எடுத்த புள்ளி எதுவோ அதுதான் கணக்கு என்று ஆனது.

கடைசியாகத் தலைவர் ஒரு விதியைப் படித்தார். தள்ளிவைத்து ஆடாமல் நின்ற ஆட்டத்தை, யாருக்காகத் தள்ளிவைத்தார்களோ அவர்கள் விரும்பினால் விட்டுக்கொடுக்கலாம். வாக்ஓவர் என்று எழுதிக் கொடுத்தால் எதிர் டீமுக்கு மூன்று புள்ளி. வருகிற ஞாயிறுக்குள் எழுத்தில் வந்தால் பார்க்கலாம் என்றார். அந்த ஆட்டம் எது, ஏன் நின்றது என்று அத்தனை பேருக்கும் தெரியும்.

ஊரடங்குக்கு முந்தைய ஒரு ஞாயிறு எங்களுக்கு ஆட்டம், பட்டியலில் முதலிடத்தில் இருந்த டீமோடு. காலையில் அவர்களுடைய கோச் மாரடைப்பில் இறந்துபோனார். அவர்கள் பையன்களில் நாலைந்து பேர் என்ன செய்வதென்று தெரியாமல் மைதானத்துக்கே வந்து அழுதுகொண்டு நின்றார்கள். ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரிடம், "டைம் ஆச்சி. அவங்ககிட்ட ஆள் இல்ல. உங்களுக்கு வாக்ஓவர் எழுதிடட்டா?" என்று கேட்டிருக்கிறார். அன்றைக்குக் கையில் விழுந்த மூன்று புள்ளி அது. இவர், "மௌத்து வூட்டுக்காரங்ககிட்ட பாயிண்ட் வாங்குவாங்களா சார்? இன்னொரு நாளு ஆடிக்கறோம்" என்று சொல்லிவிட்டு, டீமையே கூட்டிக்கொண்டு, ஜெர்சியோடு அடக்கத்துக்குப் போய்விட்டார். எங்கள் பக்கத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். சாவு விழுந்தால் ஆட்டம் இல்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு என்னிடம் சொன்னபோது நானும், நல்ல வேலை செஞ்சீங்க என்றுதான் சொன்னேன்.

கமிட்டிக் கூட்டம் முடிந்து போனை அணைத்ததும் நான் சொன்னேன். "அவங்ககிட்ட எழுதித் தரச் சொல்லுங்க."

"எப்பிடி கேக்கறது? வேணான்னு சொன்னவன் நான். இப்ப போயி குடுங்கன்னு நிக்கச் சொல்றியா?"

"நீங்க நிக்க வேணாம்."

நான் எதற்கு அப்படிச் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நின்றிருக்கமாட்டேன்.

மறுநாள் காய்கறி வாங்க விடுகிற நேரத்தில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இறந்துபோன கோச்சின் தெருவைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். ஓரத்தில் ஓர் ஆள் நுழைகிற சந்து இருந்தது. தோல் பதனிடுகிற ஷெட்டுகளில் டிரம் ஓடாததால் காற்றில் நாற்றமே இல்லை. பிறந்ததிலிருந்து மூக்கில் இருக்கிற நாற்றம். அது இல்லாமல் போனது எனக்குப் பயமாக இருந்தது.

இறந்தவரின் தம்பிதான் அந்த டீமின் செயலாளர். வாசலிலேயே நிறுத்திப் பேசினார், மரியாதையாகத்தான். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, உன் வூட்டுக்காரு பண்ணத நாங்க மறக்கல. ஆனா இதுல ஒரு பேஜார் இருக்குது. எங்களுக்கும் ரெண்டாவது டீமுக்கும் பாயிண்ட் சமம். கோல் கணக்குல ரெண்டே கோல் நாங்க ஜாஸ்தி. வாக்ஓவர் குடுத்தா மூணு கோல் வாங்கினதா எழுதுவாங்க. கப்பு போய்டும். அது அண்ணனோட கப்பு. நான் குடுக்கறேன்னு சொல்ல முடியாது. பாபிகிட்ட கேளு. அவங்க சொன்னா இந்த நிமிசமே எழுதித் தர்றேன்."

பாபி என்றது அவருடைய அண்ணியை. கணவர் இறந்தபின் வெளியே போகாமல், வெளி ஆண்களைப் பார்க்காமல் வீட்டுக்குள்ளேயே இருக்கிற இத்தாவில் இருந்தார். பெண்கள் போகலாம். திரைக்கு அந்தப் பக்கம் என்னை அனுப்பினார்கள். என் வயதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். டீ கொடுத்தார். எனக்குத் தைரியம் வந்தது. பெண்தானே, அடுப்புப் பிரச்சினை இவருக்குத் தெரியாமலா போகும் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் வேலை போனது, இவர் வேலை தொங்கிக்கொண்டிருப்பது, மேனேஜர் போன், ரெஃப்ரி கொடுத்ததை இவர் வேண்டாம் என்றது.

"தெரியும்மா. அவர அடக்கத்துக்கு எடுத்துட்டுப் போறப்ப சந்தூக்குக்குத் தோள் குடுத்தாங்க. அவங்களுக்காக நான் துவா கேக்காத நாளே இல்ல" என்றார்.

"துவாவ வெச்சி அரிசி வாங்க முடியாதுக்கா."

சொன்னபிறகுதான் சொன்னது தெரிந்தது. அவர் கோபப்படவில்லை. அலமாரியைக் காட்டினார். இரண்டாம் பரிசு, இரண்டாம் பரிசு என்று வரிசையாக ஷீல்டுகள். "இந்த வருசம் கண்டிப்பா, இந்த வருசம் கண்டிப்பான்னு சொல்லிச் சொல்லியே போய்ட்டாரு. எங்களுக்குப் புள்ளைங்க இல்ல. அவர் பேரச் சொல்ல இந்த வூட்ல ஒண்ணும் இல்லம்மா. அது வரட்டும். எனக்கு அது வேணும்."

"செத்தவருக்குக் கப்பு எதுக்குக்கா? உசுரோட இருக்கறவங்க சாப்ட வேணாமா?"

"அவருக்கு இல்ல. எனக்குன்னுதான் சொல்றேன்."

நான் அவர் காலில் விழப்போனேன். தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார். "அன்னிக்கே உன் வூட்டுக்காரு அந்த மூணு பாயிண்ட்ட வாங்கியிருந்தா, எனக்குத் தெரிஞ்சிகூட இருக்காது. மௌத்து வூட்ல யாருமா கோல் கணக்கு கேக்கப் போறாங்க? ஒரு வார்த்த சொல்லியிருக்க மாட்டேன். இப்ப தெரிஞ்சிடுச்சி. இப்ப வந்து என் கையால குடுன்னா, என்னால முடியலம்மா."

அவரைத் திட்டவேண்டும் என்று எவ்வளவோ முயன்றேன். நானும் அவரும் ஒரே மாதிரி பிச்சைக்காரிகளாக அந்த அறையில் நின்றுகொண்டிருந்தோம், கொடுக்க ஒன்று இருந்தது அவரிடம் மட்டும். காய்கறி வாங்காமலே வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் அழுதேன். முகத்தில் மாஸ்க் இருந்தது நல்லதாகப் போயிற்று.

வீட்டுக்கு வருவதற்குள் அந்தத் தம்பி போன் செய்து என் வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். இவர் என்னைத் திட்டவில்லை. காலிப் பையைப் பார்த்தார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஞாயிறு வந்தது, போனது. பட்டியல் அப்படியே உறுதியானது. குடியாத்தம்காரர்கள் ஏறினார்கள், நாங்கள் இறங்கினோம்.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் போன் செய்தார். இவர் "சரி சார், சரி சார், பரவால்ல சார்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பரவாயில்லையைக் கேட்டு எனக்கு ஆத்திரம் பொங்கியது. போனை அரிசி டின் மேல் வைத்தார். டின் காலியாக இருந்ததால் டங்கென்று சத்தம் கேட்டது. அங்கேயே உட்கார்ந்துகொண்டு, கல்யாணமான இத்தனை வருடத்தில் முதல் முறையாகப் பந்து விஷயத்தில் என்னிடம் யோசனை கேட்டார்.

"அன்னிக்கி நான் வாங்கியிருக்கணுமா?"

"வாங்கியிருக்கணும்" என்றேன்.

"அந்தப் பசங்க என் தோள்ல சாஞ்சி அழுதுனு இருந்தாங்க. அப்பிடியே நின்னுகினு, எழுதிக்கோங்க சார்னு சொல்லியிருக்கணுமா?"

"ஆமா. அப்பிடியே நின்னுகினு சொல்லியிருக்கணும்."

நான் மழுப்பவில்லை. இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன் என்று நினைக்கிறேன். அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், போட்டு அழுதிருப்பேன், முடிந்திருக்கும். அவர் பார்த்தது, கம்பெனி வாசலில் புதிதாக வந்து நிற்கிற யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல. பசி வந்தால் நான் யாராக ஆவேன் என்று அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துபோனது.