ஏரிப் பக்கத்து வாசல்

சென்னையில் ஒரு கப்பலை விட்டு இறங்கி, மறுநாள் காலை விசாகப்பட்டினத்தில் இன்னொரு கப்பலில் ஏற வேண்டும். இடையில் ஒரு ரயில் பயணம், அவ்வளவுதான். சுற்றுலாக் கப்பல்களின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த ஏழு வருஷத்தில், இப்படித் துறைமுகம் விட்டுத் துறைமுகம் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ரயிலில் ஏறியதும் மேல் பர்த்தில் சுருண்டு தூங்கிவிடுவேன். அந்த ஒரு முறை மட்டும் ஏறியதும் தூங்கப் போகவில்லை. அந்த ரயில் எங்கள் ஊர்ப் பக்கமாகப் போகும், ஆனால் நிற்காது. ஊரில் நைனா சாகக் கிடந்தார். அப்பாவை எங்கள் பக்கம் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

பழவேற்காட்டில் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே கிடக்கும் மணல் துண்டில் எங்கள் குப்பம். அங்கே கிழக்கு, மேற்கு என்று யாரும் பேசமாட்டார்கள். சூரியன் உதிப்பது கடல் பக்கம், மறைவது ஏரிப் பக்கம். வெளியூர் போனாலும் இந்தப் பேச்சு மாறாது. முந்தைய விடுப்பில் நைனாவைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது, டாக்டரம்மா, "எந்தப் பக்கம் வலிக்குது பெரியவரே?" என்று கேட்டார். கட்டிலில் படுத்திருந்த நைனா சற்று யோசித்து, "ஏரிப் பக்கம்மா" என்றார். டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார். நைனா தெற்கே தலை வைத்துப் படுத்திருந்தார். மேற்கு என்றால் எந்த விலா என்று மனசுக்குள் திருப்பிப் பார்த்து, "இடது பக்கம் டாக்டர்" என்று சொன்னவன் நான்தான். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

இடுப்பளவு தண்ணீரில் நின்று, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பதுதான் நைனாவின் பிழைப்பு. வாய் மட்டும் சும்மா இருக்காது. நான் கப்பல் வேலைக்குப் போகிறேன் என்றதும், பழவேற்காட்டில் இருக்கும் பழைய டச்சுக்காரர்களின் கல்லறைப் பக்கம் கையைக் காட்டி, "அவன் கப்பல்ல வந்து இங்க செத்தான். நீ இங்கருந்து கப்பல்ல போய் அவன் பேரனுக்குத் துணி தோய்க்கப் போறியா? நல்லா கீதுடா நாயம்" என்று சிரித்தார். அந்த மனிதரைத்தான் பெரிய ஆஸ்பத்திரியில், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அக்காதான் பார்த்துக்கொண்டாள்.

துறைமுக வாசலிலேயே கப்பல் கம்பெனியின் ஏஜென்ட், கப்பல் மாறும் எங்கள் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். "அரை நாள் விடுங்க சார். ஊரு இங்கதான். அப்பா மூஞ்சியைப் பார்த்துட்டு அடுத்த ரயில்ல ஓடி வந்துடுறேன்" என்று கெஞ்சினேன். "நீ வராமப் போனா கம்பெனிக்கு யாருப்பா பதில் சொல்றது? வேணும்னா வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போ" என்றான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவன் சட்டையைப் பிடிக்க எழுந்த கையை, பாவி, எப்படியோ அடக்கிக்கொண்டேன். எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ரயில் நிலையத்துக்குப் போகும் வேனில் ஏறியதும் அக்காவுக்குப் போன் போட்டேன். "இன்னாடா, அப்ப வரமாட்டியா?" என்றாள். நைனா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"ரயிலு அனுப்பம்பட்டு மேலதான போவும்?"

"போவும் நைனா. நிக்காது."

"நிக்காட்டி போவுது. நான் அங்க வந்து நிக்கிறேன். பொன்னேரில ஒரே கும்பலு, மூஞ்சி தெரியாது."

"உன்னால முடியாது நைனா. வேணாம்."

"வாய மூட்றா. ஆட்டோல குந்திக்கினு வர்றதுக்கு இன்னா நோவு எனக்கு? நீ எங்க நிப்ப, அதச் சொல்லு."

"ஏரிப் பக்கத்து வாசல்ல நிக்கிறேன். செவப்புத் துண்டு ஆட்டுறேன்."

"ஏரிப் பக்கம்" என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டது போனில் கேட்டது. "சரி, ஏரிப் பக்கம்."

சிவப்புத் துண்டு பெட்டிக்குள் இருந்தது. பெட்டிகளைக் கம்பெனிக்காரர்கள் மொத்தமாகக் கட்டி ஏற்றிவிட்டார்கள். கையில் இருந்தது கப்பலின் வெள்ளைத் துண்டு. மீஞ்சூர் வருவதற்குள் வலது பக்கத்து வாசலைத் திறந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வடக்கே போகும் ரயிலில் வலது கைப் பக்கம்தான் கிழக்கு. அந்தப் பக்கம்தானே ஏரி? வயல்களைத் தாண்டி, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், அங்கேதானே கிடக்கிறது?

அனுப்பம்பட்டு ஸ்டேஷன் வந்தது. வந்த வேகத்தில் போனது. எதிர்த் தண்டவாளத்துக்கு அப்பால், கிழக்குப் பிளாட்பாரத்து பெஞ்சில் வேட்டி கட்டிய ஒரு வயசான மனிதர், பக்கத்தில் ஒரு பொம்பளை. "நைனா! நைனா!" என்று தொண்டை கிழியக் கத்தித் துண்டை ஆட்டினேன். அந்த மனிதர் கையைத் தூக்கினார். சத்தியமாகத் தூக்கினார். வாசலிலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். பார்த்துவிட்டேன், அது போதும் என்று இருந்தது.

கும்மிடிப்பூண்டி தாண்டித்தான் போன் லைன் கிடைத்தது. "பார்த்தேன் நைனா! நீ கையத் தூக்கினியே!" என்றேன்.

நைனா மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார். "நானும் பார்த்தேன்டா. செவப்புத் துண்டு நல்லா தெரிஞ்சுது. ஒடம்பு வெச்சிக்கீற. இப்பதான் ஆம்பள மாதிரி கீற."

மடியில் கிடந்த வெள்ளைத் துண்டைப் பார்த்தேன். பாவம், கண்ணும் மங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒன்பதாம் நாள் நைனா போய்விட்டார். படுக்கை விரிப்புகளை இயந்திரத்தில் திணித்துக்கொண்டிருந்தபோது அக்காவின் செய்தி வந்தது. கப்பல் நடுக்கடலில் இருந்தது. விரிப்பில் முகத்தைப் புதைத்துக் கதறிவிட்டு, மிச்சத்தைத் துவைத்து முடித்தேன். ஊருக்கு வர நான்கு மாசம் ஆனது.

வந்த அன்று சாயங்காலம் நைனாவைப் புதைத்த இடத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அக்காவிடம் சொன்னேன். "நீங்க ரெண்டு பேரும் அந்த பெஞ்சுல குந்திக்கினு இருந்தது இன்னும் கண்ணுலயே கீதுக்கா."

"எந்த பெஞ்சு?"

"அதான், கிழக்குப் பிளாட்பாரத்து பெஞ்சு."

அக்கா நின்றுவிட்டாள். "ஆட்டோக்காரன் அங்கதான்டா எறக்கிவுட்டான். நானும் இங்கயே குந்து நைனான்னு தலபாடா அடிச்சிக்கினேன். கேக்கல. 'அவன் ஏரிப் பக்கம்னான், அந்தாண்ட போவணும்'னு ஒரே பிடிவாதம். பிளாட்பாரக் கோடில சரிவுல எறக்கி, தண்டவாளம் தாண்டி, என் தோள்ல தொத்திக்கினு அந்தாண்ட பிளாட்பாரத்துக்கு வந்தாரு. நாலு எடத்துல நின்னு மூச்சு வாங்கினாரு. உன் ரயிலு எங்க மூஞ்சிக்கு நேராத்தான் போச்சு. எல்லா வாசலும் மூடிக்கினு இருந்துச்சு."

டாக்டரம்மாவுக்கு அர்த்தம் சொன்னவன் நான். நைனாவுக்கு ஏரி என்றால் மேற்கு என்று தெரிந்தவன் நான். ஏழு வருஷம் வெளியே திரிந்து, ஏரி எங்கே இருக்கிறதோ அதுதான் ஏரிப் பக்கம் என்று நினைக்கிறவனாக ஆகிவிட்டிருக்கிறேன். அந்த மனுஷன் மட்டும் என் பேச்சை எங்கள் ஊர்ப் பேச்சாகவே எடுத்துக்கொண்டார்.

"அப்புறம் ஏன்க்கா பார்த்தேன்னாரு?"

"நீ போன்ல அந்தக் கத்து கத்தினியே, பார்த்தேன் பார்த்தேன்னு. போன வெச்சிட்டு, 'யாரையோ பார்த்து சந்தோசமா போறான், போவட்டும். நீ எதுவும் சொல்லிக்கினு இருக்காத'ன்னாரு."

அதன் பிறகும் அதே தடத்தில் மூன்று முறை போயிருக்கிறேன். மீஞ்சூர் தாண்டியதும் இடது பக்கத்து வாசலைத் திறந்து நிற்பேன். மேற்குப் பிளாட்பாரம் ரயிலை உரசிக்கொண்டு போகும். நடுவில் தண்டவாளம்கூடக் கிடையாது. கையை நீட்டியிருந்தால் நைனாவின் கை பட்டிருக்கும்.