அம்மா ஓர் இரவு தங்கிய வீடு

இதை எழுதப் பல வருடங்களாகத் தயங்கினேன். அதிகம் படித்தவனில்லை, எழுதிக் கெடுத்துவிடுவேனோ என்ற பயம். இப்போது ஆண்டவன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

1986. நானும் மனைவியும் டென்மார்க்கில் ரண்டர்ஸ் நகருக்கு அகதிகளாக வந்து முதல் குளிர்காலம். யாழ்ப்பாணத்தில் அம்மா காலமான செய்தி, காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் எங்களுக்குக் கிடைத்தது. கொள்ளி வைக்க நான் அங்கே இல்லை. கண்மூடுவதற்குள் கயிலை மலையைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அதுவும் நடக்கவில்லை.

நாங்கள் டேனிஷ் படித்த பள்ளிக்கூடத்தில் ஒருநாள், எங்கள் கீழ்வீட்டு டேனிஷ்காரர் தாம் போய்வந்த இடங்களை ஸ்லைட் படங்களாகக் காட்டினார். நேபாளத்தில், வெளியார் அதிகம் போகாத மலைக் கிராமங்கள். ஒரு படத்தில் நாலைந்து கல்வீடுகள், பின்னால் பனிமலை. அதற்கு அந்தப் பக்கம் திபெத் என்றார். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு எழுந்து கைகூப்பினேன்.

"என்ன மச்சான், படத்துக்குமே கும்பிடு? இருடா, பின்னுக்கு இருக்கிற ஆக்களுக்கு மறைக்குது" என்று பக்கத்திலிருந்த நண்பன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"கயிலை அந்தப் பக்கம்தானேடா" என்றேன்.

டேனிஷ்காரர் என்னவென்று கேட்டார். தெரிந்த நாலு சொல்லில் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். நானாக உட்காரும்வரை அவர் அடுத்த படத்தைப் போடவில்லை.

பனி கரைந்த பிறகு வந்து கதவைத் தட்டினார். மறுபடி அந்தக் கிராமத்துக்குப் போகிறாராம். அம்மாவின் பொருள் ஏதாவது இருந்தால் கொண்டுபோகிறேன் என்றார். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படும்போது அம்மா என் கையில் வைத்த திருநீற்றுப் பை ஒன்றுதான் எங்களிடம் இருந்தது. எடுத்து நீட்டினேன்.

"இஞ்சேருங்கோ, முழுக்கக் குடுக்காதையுங்கோ. மாமியின்ர எண்டு எங்களிட்டை வேற என்ன கிடக்கு?" என்றாள் மனைவி.

பாதித் திருநீற்றைச் சிமிழில் எடுத்து வைத்துவிட்டு, மீதியைப் பையோடு கொடுத்தோம். மலை தெரிகிற இடத்தில் ஓடும் தண்ணீரில் விடச் சொன்னேன். அவர் வரும்வரை எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. வழியில் தவறிவிட்டால்?

கோடையில் வந்தார். வெறும் பையைக் கையில் தந்துவிட்டு, எனக்கு விளங்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். போய்ச் சேர்ந்த உடனேயே ஓடைக்குப் புறப்பட்டாராம். அவர் தங்கிய வீட்டுக்காரப் பெண், பை யாருடையது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, விடவில்லையாம். "இவ்வளவு தூரம் வந்த மனுசி களைச்சிருப்பா. இண்டைக்கு இஞ்ச தங்கட்டும்" என்ற மாதிரிச் சொல்லி, பையை அடுப்புக்குப் பக்கத்தில் சூடான இடத்தில் வைத்து, முன்னால் ஒரு கிண்ணம் தேநீரும் வைத்தாளாம். விடிந்ததும் வீட்டார் எல்லோருமாக நடந்துபோய்த் திருநீற்றைத் தண்ணீரில் விட்டார்களாம்.

மகன் எப்போது வருவான் என்று கேட்டார்களாம். வருவான் என்று இவர் சொல்லிவிட்டாராம்.

மனைவி பையை முகர்ந்து பார்த்தாள். "புகை மணக்குதப்பா" என்று சொல்லி அழத் தொடங்கிவிட்டாள்.

பிறகு பிள்ளைகள், வேலை, இப்போது முழங்கால் வலி. நான் இன்னும் போகவில்லை. அந்த நல்ல மனிதரும் இன்று உயிரோடு இல்லை. சாமி அறையில் அந்தப் பையைத் தொடும்போதெல்லாம், நான் காணாத அந்த அடுப்படி கண்முன் வருகிறது.

படிப்பவர்கள் இதை யாருக்காவது சொன்னால், கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். மகன் இன்னும் வரவில்லை, ஆனால் வர நினைத்துக்கொண்டுதான் இருக்கிறான் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.