பெல்ட்டைக் கழற்றச் சொன்னவள்

என் அக்காவுக்குத் தோட்டத்தில் நல்ல பெயர் கிடையாது. யாரைப் பற்றியும் புறம் பேசியதில்லை, யார் வீட்டுச் சண்டையிலும் தலையிட்டதில்லை. ஆனாலும் அவள் பேச்சை எடுத்தால் முகத்தைச் சுளிப்பார்கள். காரணம், அவள் ஓட்டிய மினி டிராக்டரின் மட்கார்டில் ஒருவரையும் உட்காரவிட்டதில்லை. இதற்காக ஒரு மனுஷியை இத்தனை பேர் வெறுக்க முடியுமா என்றால், முடியும். நான் கூடவே இருந்து பார்த்தேன்.

தோட்டம் ஒரு குன்றின் மேல் இருக்கிறது. கீழே பழங்களைத் தரம் பிரிக்கும் கொட்டகை, மேலே ஆரஞ்சு மரங்கள், நடுவில் செங்குத்தான மண்பாதை. அதில் நடந்து ஏறினால் முட்டி கழன்றுவிடும். பழம் பறிக்கிறவர்கள் தினமும் ஏறியாக வேண்டும். பக்கத்திலேயே டிராக்டர் காலிப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகும்போது "கொஞ்சம் ஏத்திக்கயேன்" என்று கேட்பது ஒன்றும் பாவமில்லை. கால் சுளுக்கியிருந்தபோது நானும் கேட்டேன். கூடப் பிறந்த தங்கை என்றுகூடப் பார்க்காமல் நொண்டி நொண்டி ஏறவிட்டாள். இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை.

வண்டி புதிதாக வந்த அன்று, அதைக் கொண்டுவந்த மெக்கானிக் எப்படி ஓட்டுவது என்று விளக்கினார். பாதியிலேயே எல்லாரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். அக்கா மட்டும் கடைசி வரை நின்று கேட்டாள். அன்று பிடித்தது சனி. ஏற்றம் தொடங்கும் முன்பே லோ கியருக்கு வந்துவிடுவாள்; நடுவில் கியர் மாற்ற மாட்டாள், கிளட்சைத் தொட மாட்டாள். சரிவில் குறுக்கே போகாமல் நேராக ஏறுவாள். இருக்கைக்குப் பின்னால் ஓர் இரும்பு வளைவு உண்டு. வண்டி கவிழ்ந்தால் ஓட்டுகிறவர் மேல் விழாமல் தாங்குவதற்காக வைத்தது. தாழ்ந்த கிளைகளுக்குக் கீழே போகும்போது அதை மடக்கிக்கொள்ளலாம். அக்கா கிளைகளைத் தாண்டியதும் இறங்கி, வளைவை நிமிர்த்தி, இரண்டு பக்கமும் இரும்பு ஊசியைச் செருகி, ஏறி உட்கார்ந்து பெல்ட்டையும் போட்டுக்கொண்ட பிறகுதான் வண்டியை நகர்த்துவாள். "மகாராணி கிரீடம் வைக்கறாங்க, எல்லாரும் ஒதுங்கி நில்லுங்க" என்பார்கள். மகாராணி என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

அறுவடை மும்முரமாக நடந்தபோது முதலாளி கொட்டகைக்கே வந்தார். கெட்டவர் இல்லை. ஆட்கள் நடந்து ஏறுகிற நேரம்தான் அவர் கண்ணை உறுத்தியது.

"மட்கார்டுல ரெண்டு பேர ஏத்திட்டுப் போம்மா. வேலை சீக்கிரம் ஆகும்ல?"

"பின்னாடி பாரம் கூடுனா முன்சக்கரம் தூக்கும்ங்க. ஏத்தத்துல அப்படியே மல்லாந்துரும். உக்காந்திருக்கறவங்களுக்குப் பிடிச்சுக்கக்கூட ஒண்ணும் இல்ல."

"இத்தன நாள்ல கவிழ்ந்துச்சா?"

"கவிழாத மாதிரி ஓட்டுனேன். அதான் கவிழல."

எனக்கு அது சரியான பதிலாகப் பட்டது. முதலாளிக்குத் திமிராகப் பட்டது. கையை நீட்டினார், அக்கா சாவியைக் கொடுத்தாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்து, பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஆளைக் கூப்பிட்டு அவர் கையில் சாவியை வைத்தார். அந்த ஆள் என் மாமா. அக்காவின் புருஷன்.

மாமாவுக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. எப்போதும் சிரித்த முகம். எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும், அதுதான் தொல்லை. மறுநாளே இடது மட்கார்டில் ஒருவர், வலது மட்கார்டில் ஒருவர், டிரெய்லரை மாட்டும் கம்பியில் கால் வைத்துத் தொற்றிக்கொண்டு இன்னொருவர். வளைவு கிளையில் இடித்துப் பழம் உதிர்கிறது என்று மடக்கிய மாமா, அதைத் திரும்ப நிமிர்த்தவே இல்லை. ஒவ்வொரு நடைக்கும் இறங்கி ஏற யாருக்குப் பொறுமை இருக்கிறது? அக்கா என் பக்கத்தில் தரம் பிரிக்கும் மேசைக்கு வந்து சேர்ந்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. வண்டி போனது, வந்தது. மழை பெய்து பாதை சொதசொதவென்று கிடந்த நாளிலும் போய்விட்டு வந்தது. மட்கார்டில் போகிறவர்கள் எங்கள் மேசையைப் பார்த்துக் கையாட்டினார்கள். "பாத்தியா மகாராணி, உயிரோடதான் இருக்கோம்!" அக்கா தலையைத் தூக்காமல் பழத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். உயிரோடுதானே இருந்தார்கள்.

வீட்டில் மட்டும் அவளுக்கு வாய் இருந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பாத்திரம் தேய்க்கிற சத்தத்தோடு சேர்ந்து சண்டை ஆரம்பிக்கும்.

"வளைவ நிமித்துங்க, பெல்ட்டப் போடுங்க, ஆளுங்கள ஏத்தாதீங்க. மூணே விஷயந்தான் கேக்கறேன்."

"வாய் விட்டுக் கேக்கறவங்ககிட்ட எப்படிம்மா முடியாதுன்னு சொல்றது? அவங்க மூஞ்சி வாடிப் போகுது."

"என் மூஞ்சி வாடலையா?"

மாமா தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். இப்படியே இழுபறியாகப் போய், கடைசியில் ஒரு நாள் இறங்கி வந்தார். "சரி, உன் பேச்சையும் கேட்ட மாதிரி இருக்கட்டும். நாளைலேருந்து பெல்ட் போடறேன், போதுமா?" அக்கா சிரித்தது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது. அவள் சிரித்துக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

மறுநாள் காலை மாமா வண்டியில் ஏறி உட்கார்ந்தார். அக்கா பார்க்கிறாளா என்று எங்கள் மேசைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, பெல்ட்டை இழுத்து டக்கென்று மாட்டினார். மட்கார்டில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். இரும்பு வளைவு பின்னால் மடங்கிக் கிடந்தது.

அக்கா போட்டது போட்டபடி ஓடினாள். கூடை சரிந்து பழமெல்லாம் உருண்டது.

"கழட்டுங்க! பெல்ட்டக் கழட்டுங்க!"

மாமா முழித்தார். சுற்றி இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பெல்ட், பெல்ட் என்று உயிரை வாங்கியவள் அல்லவா!

அன்று அவள் தொண்டை கிழியச் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வளைவு நிமிர்ந்து நின்றால், வண்டி புரண்டாலும் அதற்குக் கீழே ஓர் ஆளுக்கு இடம் மிஞ்சும். அந்த இடத்தைவிட்டு ஆள் வெளியே விழாமல் பெல்ட் பிடித்துக்கொள்ளும். வளைவு மடங்கியிருந்தால் அந்த இடமே இல்லை. அப்போது பெல்ட் செய்கிற வேலை, ஆளை வண்டிக்கு அடியில் கட்டிப்போடுவது. மூன்றில் ஒன்றைச் செய்தால் மூன்றில் ஒரு பங்காவது நல்லது என்று மாமா நினைத்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவள் சொல்லும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"வளைவ நிமித்திட்டுப் போடுங்க, இல்லன்னா போடவே போடாதீங்க. இருங்க, நானே நிமித்தறேன்" என்று அக்கா பின்னால் போய், மடங்கிய வளைவைப் பிடித்திருந்த ஓர் ஊசியை உருவினாள்.

"நேரமாச்சு மகாராணி. கிரீடத்த நாளைக்கு வெச்சுக்கலாம்" என்றார் மட்கார்டில் இருந்தவர்.

மாமாவின் முகம் சிவந்துவிட்டது. "போடலன்னாலும் திட்டற, போட்டாலும் திட்டற. நாலு பேர் முன்னாடி மானத்த வாங்காதம்மா" என்று பெல்ட்டைக் கழற்றி உதறிவிட்டு வண்டியைக் கிளப்பினார். வளைவும் இல்லை, பெல்ட்டும் இல்லை, மட்கார்டில் ஆட்கள் இருந்தார்கள். அக்கா கையில் அந்த ஊசியோடு பாதையில் நின்றாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உருண்ட பழங்களைப் பொறுக்கும்போது, "விடுக்கா. ஒரு நாள் இல்ல ஒரு நாள் நல்லாப் படுவாங்க. அன்னிக்குத்தான் நீ சொன்னது சரின்னு இவங்களுக்கெல்லாம் புரியும்" என்றேன்.

அக்கா கையை ஓங்கிவிட்டாள். அடிக்கவில்லை.

"வாயக் கழுவுடி. நான் சொன்னது சரின்னு ஆகணும்னா அன்னிக்கு அந்த வண்டியில இருக்கப்போறது யாரு? உன் மாமாதானே? வேணாம். நான் சொன்னது தப்பாவே இருந்துட்டுப் போகட்டும். நான் சாகற வரைக்கும் எல்லாரும் என்னப் பாத்துச் சிரிக்கட்டும்."

அதற்குள் மேலே போன வண்டி இறங்கி வந்து, அடுத்த நடைக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டு மறுபடி கிளம்பியது. ஏற்றத்தில் எஞ்சின் முக்கி முனகிக்கொண்டு ஏறியது. மேசை மேல் அக்காவின் கை ஒரு பழத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றது. மேலே சத்தம் அடங்கிய பிறகுதான் அது நகர்ந்தது. ஒரு நாளைக்கு எத்தனை நடை போகிறதோ, அத்தனை தடவை அவள் கை இப்படி நிற்கிறது. இப்போதெல்லாம் என் கையும் நிற்கிறது.