பன்னிரண்டு வீட்டு நாய்

நமுனுகுல தேயிலைத் தோட்டத்தில், பன்னிரண்டு வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தின் முன், நாய்களுக்கு அனுமதிப்பத்திரம் எழுத வந்த பிரதேச சபை உத்தியோகத்தர் பேனாவோடு நிற்கிறார். பன்னிரண்டு வீட்டுச் சோற்றையும் தின்று கொழுத்த செவலை நாய் அவர் சப்பாத்தின் மேலேயே படுத்திருக்கிறது.

"யாரோட நாய்? ஒரு பேருதான் எழுதலாம். இல்லாட்டி புடிச்சிட்டுப் போயிருவோம்."

பன்னிரண்டு வீட்டாரும் கை தூக்குகிறார்கள். உடனே சண்டையும் தொடங்குகிறது.

பஸ்ஸுக்குப் போகும் வழியில் குடிக்கத் தண்ணீர் கேட்டு நிற்கும் என்னை, செம்போடு வந்த லயத்துச் செல்வி அக்கா பார்க்கிறார்.

"இந்த ஐயா பேர எழுதுங்க சேர். இப்ப பஸ் ஏறிப் போயிருவாரு, சண்டையே வராது."

எல்லோருக்கும் சம்மதம். என்னை யாரும் கேட்கவில்லை. உத்தியோகத்தர் என் பெயரை மட்டும் கேட்டு எழுதி, பத்திரத்தை என்னிடம் நீட்டுகிறார்.

"சங்கிலியில கட்டி வளக்கிறது இனி உங்க பொறுப்பு."

பஸ் கிளம்புகிறது. என் நாய் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.