கயிற்றுக்குள் ஒரு ஊர்

எங்கள் மரவள்ளிக் கொல்லையில் ஒரு காலேஜ் சார் நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டியதைப் பார்த்ததும் வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். கரியாலூர் மலைப் பக்கம் எங்களுக்கு இன்னும் பட்டா வரவில்லை. கயிறு பிடிக்கிறவர் நிலத்தைப் பிடுங்கத்தான் வந்திருப்பார் என்று நினைத்தேன்.

ஆள் ஒல்லி. கோயிலுக்குள் போவதுபோலச் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து எறும்புகளை எண்ணினார். அவை ஓட ஓட எண்ணிக்கை தப்பி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.

"எடத்த அளக்கிறீங்களா சார்?"

"இல்லம்மா, உள்ள இன்னா இன்னா வாழுதுன்னு எழுதிக்கினு இருக்கேன். ஒரு எறும்பு ஒரு உசுரு. எல்லா எறும்பும் ஒரு கூட்டம். புல்லு, புழு, பூச்சி எல்லாக் கூட்டமும் சேந்தா ஒரு ஊரு. அப்புறம் மண்ணு, தண்ணி, வெயிலையும் சேக்கணும்."

"அந்த ஊர்ல நாங்க இருக்கறமா?"

"நீங்க கயித்துக்கு வெளிய நிக்கிறீங்களே!"

உடனே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். "எழுதினாத்தான் ஏந்திரிப்பேன்."

"ஐயோ, எறும்பு மேல உக்காந்துட்டீங்கம்மா!"

வேறு வழியில்லாமல், நோட்டில் மண்புழுவுக்குக் கீழே ‘மனுஷி ஒன்று’ என்று எழுதிக் காட்டினார். அஞ்சாவதோடு நின்றவள் நான். எழுத்துக்கூட்டிப் படித்த பிறகே எழுந்தேன்.

நாங்கள் இங்கே வாழ்கிறோம் என்று எழுதியவர் இதுவரை அவர் ஒருவர்தான். காலேஜில் யாராவது அந்த வரியை அடித்திருப்பார்களோ என்று இன்றும் எனக்குக் கவலை.