பீரோவுக்குள் ஒரு பி.காம்.

எங்கள் சப்ளை செயினில் கட்டாய உழைப்பு எங்கேயும் இல்லை என்று எழுதிக் கொடுப்பதுதான் என் உத்தியோகம். ஆரணியில் பட்டுச் சால்வை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் நான் கம்ப்ளையன்ஸ் ஆபீசர். பெயர்தான் பெரிது. சால்வை மடிப்பது, பார்சல் ஒட்டுவது, முதலாளி மகளின் பள்ளிக்கூட புராஜெக்டுக்குத் தெர்மகோல் வெட்டுவது எல்லாம் அதில் அடக்கம். வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி என் பி.காம். ஒரிஜினல் சான்றிதழை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான். "எங்க ஓடிடப் போவுது? பத்திரமா கீது."

எனக்கு வேலூரில் வேறு வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒரிஜினலைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை பீரோவை முறைத்தபடி உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் சால்வை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பிய ஆடிட்டர் அம்மா பெங்களூரிலிருந்து காரில் வந்து இறங்கினார். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பும் என் தலையில் விழுந்தது.

முதலாளி, ஆடிட்டர் அம்மா, நான் மூவரும் பக்கத்து ஊரான முள்ளிப்பட்டுக்குப் போனோம். அங்கே ஓர் அக்கா எங்களுக்குச் சால்வை நெய்கிறார். ஆடிட்டர் அம்மா தறிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேள்விகளை ஆரம்பித்தார்.

"உங்கள யாராவது கட்டாயப்படுத்தி வேல வாங்குறாங்களான்னு கேக்குறாங்கக்கா."

"என்னையா?" அக்கா தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "நான்தான் எங்க வூட்டுக்காரர வெரட்டிகினு கீறேன்."

ஓரமாக நூல் சுற்றிக்கொண்டிருந்த அவர் கணவர், "அத்த எழுதிக்கச் சொல்லுப்பா" என்றார். 'இல்லை' என்று மொழிபெயர்த்தேன்.

"வேணாம்னா வேலைய வுட்டுட்டுப் போவ முடியுமா?"

"போன மாசம் பேஜாரா கீதுன்னு திருப்பதி போய்ட்டோமே. உங்க முதலாளிதான் எப்ப வருவீங்க, எப்ப வருவீங்கன்னு போன் போட்டுக் கெஞ்சிகினு இருந்தாரு."

முதலாளி இருமினார். என் மச்சான் கல்யாணத்துக்கு அரை நாள் லீவு கொடுத்த மனிதர் இவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த கேள்வியைக் கேட்டதும் முதலாளியை ஒரு பார்வை பார்த்துவிட்டு மொழிபெயர்த்தேன். "உங்க ஒரிஜினல் பேப்பருங்கள யாராவது வாங்கி வெச்சிகினு கீறாங்களா?"

அக்கா எழுந்து போய் அரிசி டின்னுக்குள் முழங்கை வரை கையை விட்டு, ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் எடுத்து ஊதிக் காட்டினார். "எல்லாம் இங்கதான் கீது. உன்னுது எங்கப்பா கீது?"

அவர் என்ன கேட்டார் என்றார் ஆடிட்டர் அம்மா. ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். அதோடு நிறுத்தாமல், என் சான்றிதழ் முதலாளியின் பீரோவில் இருக்கிறது என்று பதிலையும் நானே சொன்னேன்.

என் வீட்டில் எலித் தொல்லை, பாவம் என்று தான் பத்திரப்படுத்தி வைத்திருப்பதாக முதலாளி இங்கிலீஷில் அடித்துவிட்டார். எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள் இருக்கின்றன. அதையும் சொன்னேன்.

ஆடிட்டர் அம்மா சிரிக்கவில்லை. தன் கண்ணெதிரே திருப்பிக் கொடுத்தால்தான் ஆர்டர் என்றார். கார் ஆரணிக்குப் பறந்தது.

பீரோ திறந்தது. என் சான்றிதழ் நான்கு மூலையிலும் சந்தனம் குங்குமத்தோடு வெளியே வந்தது. "வருசா வருசம் ஆயுத பூசைக்கு இதுக்கும் பொட்டு வெக்கறேன்" என்றார் முதலாளி பெருமையாக. பல்கலைக்கழக முத்திரைக்கும் ஒரு பொட்டு இருந்தது. என் பட்டத்துக்கு இத்தனை மரியாதை நடந்திருக்கிறது, எனக்குத்தான் ஒரு டீக்குக்கூட வழியில்லை.

சாட்சிக்கு போட்டோ வேண்டும் என்றார் ஆடிட்டர் அம்மா. போட்டோ என்றதும் முதலாளி தலையைச் சீவிக்கொண்டார். எனக்கு ஒரு பட்டுச் சால்வையைப் போர்த்தி, சான்றிதழை இரண்டு கையாலும் நீட்டினார். எங்கள் ஆபீஸ் அக்கவுண்டன்ட் கை தட்டினார். காலேஜில் பட்டம் வாங்கியபோதுகூட எனக்கு யாரும் சால்வை போர்த்தவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது.

ஆடிட்டர் அம்மாவின் கார் தெருமுனை திரும்பியது. முதலாளி கையை நீட்டினார்.

"குடு, பூட்டிடலாம். சால்வையும் குடு, அது எக்ஸ்போர்ட் பீசு."

சால்வையை மட்டும் மடித்துக் கொடுத்தேன். அவசரமாகப் பாத்ரூம் போக வேண்டும் என்றேன்.

"ஜல்தி வா."

வேலூர் பஸ் கண்ணமங்கலத்தில் நின்றபோது போன் அடித்தது.

"இன்னாடா, இன்னும் பாத்ரூம்லயா கீற?"

"ஆமாங்க" என்றேன். மடியில் இருந்த சான்றிதழின் குங்குமம் என் வெள்ளைச் சட்டையெல்லாம் ஒட்டியிருந்தது.