கொக்கியில் ஆடிய கறுப்பு அங்கி

என் ஜீப்பில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், கூரைக் கம்பியில் ஒரு இரும்புக் கொக்கி இருக்கிறது. கேரளத்து மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் தங்கள் தூக்குவாளிகளை எங்கே வேண்டுமானாலும் மாட்டுவார்கள். அந்தக் கொக்கி மட்டும் கொஞ்ச காலம், மலைக்கு அந்தப் பக்கக் கோர்ட்டுக்கு எங்களோடு வந்த வக்கீலம்மாவின் கறுப்பு அங்கிக்கென்றே இருந்தது. ஜவுளிக்கடை உறை ஒன்றில் அங்கியைப் போட்டு, ஒரு கை வெளியே தொங்கும்படி மாட்டிவிடுவார். கம்பம் மெட்டு மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அந்தக் கை இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வரும். "வக்கீலம்மா, ஒங்க கோட்டு என் கன்னத்துல அறையுது, ஒரு கேசு போடுவமா?" என்று யாராவது கேட்பார்கள். வக்கீலம்மா சிரிக்கவே மாட்டார். "சாட்சி இருக்கா?" என்பார். மொத்த ஜீப்பும் "இருக்கு" என்று கத்தும். இன்றைக்கும் கண்ணாடியைப் பார்த்தால் என் கண் முதலில் போவது அந்தக் கொக்கிக்குத்தான், பின்னால் வரும் வண்டிக்கு அல்ல. வண்டி ஓட்டுகிறவனுக்கு இது நல்ல பழக்கம் இல்லை.

அவர் உத்தமபாளையத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். பிறந்து படித்தது குமுளிப் பக்கம் என்பதால் மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. நம் பக்கத்து ஓட்டுநர்கள் மலைக்கு அந்தப் பக்கம் ஏதாவது வழக்கில் மாட்டினால் அவரைத்தான் தேடிப் போவார்கள். அதுவும் சும்மா போக மாட்டார்கள், எல்லாம் கெட்டுக் குட்டிச்சுவரான பிறகுதான் போவார்கள். ஏனென்றால் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளிமாநிலத்தில் பிடித்தால் என்ன ஏது என்று கேட்காமல் ஒத்துக்கொள்வது. தக்காளி ஏற்றிப் போகிறவனுக்குத் தக்காளி அழுகும், ஆள் ஏற்றிப் போகிறவனுக்கு ஆள் காத்திருக்கும். அந்த ஊர் பாஷை, அந்த ஊர் ஆபீஸ். "ஆமாங்கய்யா" என்று தலையை ஆட்டி, கட்டச் சொன்னதைக் கட்டிவிட்டு இருட்டுவதற்குள் ஊர் திரும்பினால் போதும். இதைப் புத்திசாலித்தனம் என்றே நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். வக்கீலம்மாவுக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

என்னைப் பிடித்தது ஒரு சித்திரை மாதம். வீரபாண்டித் திருவிழாவுக்குப் பள்ளத்தாக்கே வேப்பிலையும் மஞ்சளுமாக இருந்த நேரம். என் ஜீப்பில் வேலைக்கு வரும் குச்சனூர் அக்கா ஒருவர், பேரனுக்கு அம்மை இறங்கிய நேர்த்திக்கடனுக்காக, காலையில் வண்டி கிளம்பும்போதே முன்புறம் ஒரு வேப்பிலைத் தோரணம் கட்டினார். சாமி காரியம், நான் தடுக்கவில்லை. மலை ஏறும்போது ஒரு பக்க முடிச்சு நழுவி, தோரணம் நம்பர் பிளேட்டின் மேல் சாய்ந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் இறக்கத்தில், ஒரு பஸ்ஸை ஒட்டினாற்போல் போனபோது, சாலையோரம் நின்ற அதிகாரி கை காட்டியிருக்கிறார். பஸ் மறைத்ததில் அதையும் நான் பார்க்கவில்லை. அவர்கள் படம் எடுத்துவிட்டார்கள். படத்தில் கடைசி இரண்டு எண்கள் இலைக்குள் இருந்தன. வண்டியின் பின்புற எண்ணை வைத்துச் சம்மன் வந்தது: எண்ணை வேண்டுமென்றே மறைத்தது, நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாமல் ஆபத்தாக ஓட்டியது.

சம்மனை வக்கீலம்மா இரண்டு முறை வாசித்தார். "ஒத்துக்கிட்டா அபராதத்தோட போயிரும்னு நெனைக்காதப்பா. அங்கன இருந்து பேப்பரு நம்ம ஊரு ஆபீசுக்கு வரும். லைசென்ஸப் புடிச்சு வச்சுக்கிருவாக. ஒனக்கு லைசென்சு இல்லன்னா என்ன இருக்கு?" என்றார். எனக்கு வேறு என்ன இருக்கிறது? காணியும் இல்லை, கடையும் இல்லை. அந்த அட்டைதான் என் வீட்டு அடுப்பு. "நீ மறைக்கல, பாக்கல. இது ரெண்டையும் நாம நிரூபிச்சாப் போதும். அதுவரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது" என்றார். சரி என்றேன்.

சரி என்று சொல்வது சுலபம். நான் ஒரு இடத்தில் நிற்கத் தெரியாதவன். ரயில்வே கேட்டில் எஞ்சினை அணைக்க மாட்டேன். சாப்பாட்டுக் கடையில் இலை போடுவதற்குள் எழுந்து போயிருக்கிறேன். அந்தக் கோர்ட்டு வராந்தாவோ நிற்பதற்கென்றே கட்டியது. முதல் வாய்தாவில் மாஜிஸ்திரேட் விடுப்பு, இரண்டாவதில் அதிகாரி வரவில்லை, மூன்றாவதில் ஏதோ காகிதம் வரவில்லை. ஒவ்வொரு முறையும் பெண்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு, வக்கீலம்மாவைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போய், மதியம் வரை காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சாயந்திரம் பெண்களை ஏற்றப் போகத் தாமதமாகிவிடும். தோட்டத்து மேற்பார்வையாளர் வேறு ஜீப் பார்க்கிறேன் என்று ஒருநாள் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தூக்கமில்லை. நெஞ்சுக்குள் ஒரு எஞ்சின் சும்மாவே ஓடிக்கொண்டிருந்தது.

நான்காவது வாய்தாவுக்கு முந்தின நாள் வக்கீலம்மா போனில் சொன்னார்: "காலையில குச்சனூரு வரைக்கும் ஒரு சோலி இருக்குப்பா. பத்து நிமிசம் முன்னப் பின்ன ஆனா எனக்காக நில்லு." என்ன சோலி என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் உத்தமபாளையம் பைபாஸ் முக்கில் ஆறேகாலுக்கு நிறுத்தினேன். ஆறு இருபது. ஆறு இருபத்தைந்து. "ஏப்பா, எட்டு மணிக்கு அங்கன நிக்கலன்னா அரை நாள் கூலியப் புடிப்பாக" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. எந்த வாய்தாவில் என்ன நடந்துவிட்டது, இன்றும் தள்ளித்தானே போடுவார்கள், பஸ்ஸில் வரட்டும் என்று நினைத்தேன். ஆறு இருபத்தேழுக்கு எடுத்துவிட்டேன். கம்பம் தாண்டும்போது போன் அடித்தது. யார் என்று பார்த்தேன். பார்த்துத்தான் எடுக்கவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்குப் பார்த்து என் பெயரையே முதலில் கூப்பிட்டார்கள். கூண்டுக்குப் பக்கத்தில் நின்றேன். வக்கீல் எங்கே என்று கேட்டார் மாஜிஸ்திரேட். நல்ல மனிதர், தமிழிலேயே கேட்டார். வருகிறார், கொஞ்ச நேரம் கொடுங்கள் என்று நான் சொல்லியிருந்தால் கொடுத்திருப்பார். பின்னால் நின்ற நம்ம ஊர் லாரிக்காரர் ஒருவர், "ஒத்துக்கிட்டு வாப்பே, அரை மணியில வண்டிய எடுத்துறலாம்" என்று முணுமுணுத்தார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார் மாஜிஸ்திரேட். "ஒத்துக்கிறேங்கய்யா" என்றேன். இத்தனை நாளாக நெஞ்சில் ஓடிய எஞ்சின் அந்த நொடியில் நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தபோது வக்கீலம்மா வாசலில் ஏறி வந்துகொண்டிருந்தார். மலைப்பாதையில் லாரி ஒன்று வளைவில் மாட்டி, பஸ் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டதாம். அங்கியைச் சுருட்டி மடித்துக் கையிடுக்கில் வைத்திருந்தார். அவருக்குப் பின்னால், வெள்ளிக்கிழமைக்குக் கட்டுகிற பட்டுச்சேலையில், குச்சனூர் அக்கா. மகள் பிரசவத்துக்காக இரண்டு மாதமாக வேலைக்கு வராதவர், கோர்ட்டு என்றால் நடுங்குகிறவர். அவரைப் பேசிச் சம்மதிக்க வைத்துக் கூட்டி வரத்தான் வக்கீலம்மா விடிவதற்குள் போயிருக்கிறார். அக்காவின் கையில் மகளுடைய போன். தோரணம் கட்டி முடித்ததும் ஜீப்புக்கு முன்னால் நின்று எடுத்துக்கொண்ட படம் அதில் இருந்தது. அக்கா சிரிக்கிறார், மேலே வேப்பிலை, கீழே என் வண்டி எண் ஒன்றுவிடாமல் தெரிகிறது. "நாந்தேன் கட்டுனேன்னு சொல்லப் போறேன். எம் பேரனுக்காகக் கட்டுனது, இவரு மேல என்ன தப்பு?" என்று அக்கா எனக்கே ஒத்திகை பார்ப்பதுபோல் சொல்லிக் காட்டினார்.

நான் என்ன செய்தேன் என்பதைச் சொன்னேன். அக்காவுக்குப் புரிய நேரமானது. வக்கீலம்மாவுக்கு உடனே புரிந்தது. திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அங்கியை உறைக்குள் போட்டு, வெளியே தொங்கிய கையையும் உள்ளே தள்ளி மூடினார். "செய்யலன்னு சொல்லத்தேன் நான் வந்தேன். செஞ்சேன்னு நீயே சொன்னதுக்கப்புறம் நான் என்னத்தப்பா பேச?" என்றார். பிறகு அக்காவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கே போனார். வண்டியில் வாருங்கள் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

அவர் சொன்னபடியே பேப்பர் வந்தது, லைசென்ஸ் போனது. மூன்று மாதம் ஜீப் வீட்டு முன்னால் தார்ப்பாயின்கீழ் கிடந்தது. அந்த மூன்று மாதமும் என் மனைவி அடுத்த தெருக்காரர் ஜீப்பில் ஏறி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போனாள். அதற்கு முன் அவள் மலைக்கு வேலைக்குப் போனவள் இல்லை. விடிகாலையில் தூக்குவாளியோடு அவள் தெருமுனையில் நிற்பதை ஜன்னலுக்குள்ளிருந்து பார்ப்பேன். அந்த ஜீப் ஒருநாளும் நேரத்துக்கு வராது. அவள் சும்மா நிற்பாள், காலைக்கூட ஆட்ட மாட்டாள்.

லைசென்ஸ் திரும்பி வந்தது, வேறு தோட்டம் கிடைத்தது. வக்கீலம்மாவைப் பார்த்தால் வணக்கம் சொல்வேன், அவரும் சொல்வார். போன மாதம், எங்கள் பக்கத்து வேன் ஓட்டுநர் ஒருவருக்கு அதே கோர்ட்டில் வாய்தா என்றும், வக்கீலம்மாதான் போகிறார் என்றும் கேள்விப்பட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனாலும் அன்று காலை பைபாஸ் முக்கில் ஆறேகாலுக்கு நிறுத்தி, எஞ்சினையும் அணைத்தேன். கொக்கியில் மாட்டியிருந்த தூக்குவாளியை எடுத்து அதற்குரியவர் மடியில் வைத்தேன். ஆறரை. பெண்கள் கத்த ஆரம்பித்தார்கள். "ஆத்தி, ஒனக்கு என்னப்பா ஆச்சு இன்னைக்கு? வண்டிய எடு." ஆறு நாற்பது வரை நின்றேன். நான் ஒரே இடத்தில் அவ்வளவு நேரம் நின்றது அன்றுதான். கடைசியில் போன் போட்டேன். இரைச்சலுக்கு நடுவில் எடுத்தார்.

"முக்குல நிக்கிறேன் வக்கீலம்மா. வாங்க, ஏறிக்கிருங்க."

"நான் மலை ஏறிட்டேனேப்பா" என்றார். கோபம் இல்லை, பழைய வாஞ்சையோடுதான் சொன்னார். "அன்னையிலிருந்து நான் யாரு வண்டிக்கும் நிக்கிறதில்ல. எப்பவும் மொத பஸ்ஸுதேன்."

போனை வைத்துவிட்டு எஞ்சினைப் போட்டேன். முதல் வளைவில் கண்ணாடியைப் பார்த்தேன். தூக்குவாளிக்காரம்மா அதை இன்னும் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கொக்கி வெறுமனே இருந்தது.